இருதயப் பரிசோதனையும் சிறுநீரகக் காப்பும்

இருதய நாடிகளுக்குள் நேரே சாயம் செலுத்திப் படமெடுக்கும் முறை, 1958ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் வைத்தியர் மேசன் சோன்ஸ் என்பாரால் தற்செயலாகக் கண்டறியப்பட்டது. இன்று கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் வாழ்வோர்க்கும் 'அஞ்சியோகிராம்' பழகிய சொல்லாகிவிட்டது.

அச்சாயம் அயடீன் கலந்தது. அதனை உடலினின்று வெளியேற்றும் பொறுப்பு சிறுநீரகத்தினுடையது. நலமான சிறுநீரகம் அப்பணியை எளிதில் முடிக்கும். நீரிழிவினாலோ முதுமையாலோ முன்னரே நலிந்த சிறுநீரகமோ தளர்ந்துவிடக்கூடும். அத்தளர்ச்சி உடனே தெரியாது. இரண்டு மூன்று நாட்களில், குருதியில் கிரியேட்டினின் உயர்வதாலேயே புலப்படும்.

இதற்குக் காப்பு யாது? அசற்றைல்சிஸ்ரீன் என்னும் மருந்து காக்குமெனப் பலர் நம்பினர். ஏறத்தாழ 5,000 நோயாளரிடம் நடந்து 2018இல் வெளியான ஆய்வு, அதனால் பயனில்லை எனக் காட்டியது. உடலில் நீர் வற்றாதிருத்தலும், சாயத்தை அளவோடு செலுத்துதலுமே உற்ற காவல். எவ்வளவு நீர் அருந்தலாம் என்பதை வைத்தியரே கூறவேண்டும். தளர்ந்த இருதயத்துக்கு மிகுநீரும் சுமையாகும்.

றமழான் மாதத்தில் இது மேலும் கவனத்துக்குரியது. பகல் முழுதும் நீரருந்தாதவர் தாம் நோன்பிருப்பதைச் சொல்லாது பரிசோதனைக்குச் செல்லலாகாது. நோயாளி நோன்பைப் பிற்படுத்திப் பின்னர் 'கழா'ச் செய்ய மார்க்கமே இடமளித்துள்ளது.

அஞ்சிப் பரிசோதனையைத் தவிர்ப்பது அறிவுடைமையன்று. நீரிழிவு உண்டா, சிறுநீரகக் குறை உண்டா, மெட்போமினோ நோவு மாத்திரையோ உட்கொள்வதுண்டா என்பவற்றை மறையாது முன்கூட்டியே உரைப்பதே அறிவுடைமை. வாய்திறந்து சொல்லும் அச்சில சொற்கள் சிறுநீரகத்தைக் காக்கும்.