யாருக்கு அஞ்சி மறைந்தார்கள்?



1738இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட், பிரீமேசன் என்ற ரகசியச் சங்கத்தில் சேரும் கத்தோலிக்கர் சபைக்குப் புறம்பாவார் என்று ஆணையிட்டார். நல்லது செய்கிறவர்கள் வெளிச்சத்துக்கு ஏன் அஞ்ச வேண்டும் என்பது அவர் வாதம். வேதப்புத்தகத்தின் மேல் சத்தியம் செய்து வாயை மூடிக்கொள்ளும் கூட்டத்தின் மேல் சந்தேகம் எழுந்ததில் வியப்பில்லை. பின்வந்த திருத்தந்தையரும் அந்தத் தடையை உறுதிசெய்தார்கள்.

ஆனால் நான் பேச வந்தது அமெரிக்காவின் பிலடெல்பியாவில் எழுந்த வேறொரு ரகசியச் சங்கத்தைப் பற்றி. 1869இல் அங்கே ஊரியா ஸ்டீவன்ஸ் என்ற தையற்காரரும் துணி வெட்டும் தோழர்கள் சிலரும் ‘நைட்ஸ் ஆஃப் லேபர்’ என்ற தொழிலாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். ரகசியமாகத்தான் தொடங்கினார்கள். சங்கத்தின் பெயரைக்கூட எழுதமாட்டார்கள். ஐந்து நட்சத்திரக் குறி மட்டும் போடுவார்கள். ஏன்? சங்கத்தில் இருப்பது தெரிந்தால் அன்றே வேலை போகும். கறுப்புப் பட்டியலில் பெயர் ஏறினால் அடுத்த ஆலையிலும் கதவு திறக்காது. அவர்கள் மறைந்தது முதலாளிக்கு அஞ்சி, தோழர்களே! கடவுளுக்கு அஞ்சி அல்ல.

உறுப்பினர்களில் ஏராளமானோர் கத்தோலிக்கர். தலைவர் டெரன்ஸ் பௌடர்லியும் கத்தோலிக்கர்தான். ரகசியத்தின் மேல் திருச்சபைக்கு இருந்த மனக்குறையை அறிந்து, 1880களின் தொடக்கத்திலேயே சங்கம் தன் பெயரை வெளியிட்டது, உறுப்பினர்கள் செய்துவந்த சத்தியத்தையும் கைவிட்டது. அப்படியும் கியூபெக் பேராயர் தாஷெரோ ரோமுக்கு எழுதி, 1884இல் கனடாவில் இந்தச் சங்கத்துக்கு எதிராகக் கண்டனத் தீர்ப்பு வாங்கிவிட்டார். பசிக்காகச் சங்கம் சேர்ந்தவனை, பிரீமேசனுக்கு வைத்த தராசிலேயே நிறுத்தினார்கள். அது அநீதி என்றே சொல்வேன்.

அப்போது எழுந்தவர் பால்டிமோர் பேராயர் ஜேம்ஸ் கிப்பன்ஸ். அயர்லாந்திலிருந்து பிழைக்கப் போன குடும்பத்தின் பிள்ளை. இளவயதில் மளிகைக் கடையில் வேலை பார்த்தவர். 1887இல் கர்தினால் தொப்பி வாங்க ரோமுக்குப் போனவர், கையோடு ஒரு நீண்ட மனுவும் கொடுத்தார். இந்தச் சங்கத்தில் சத்தியம் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் எதையும் சொல்லத் தடையில்லை. உழைப்பவன் தன் நியாயத்துக்காக ஒன்றுசேர்வது இயல்பு. அவனைத் தள்ளினால் திருச்சபை மக்களின் இதயத்தையே இழக்கும் என்று வாதாடினார். முந்தைய ஆண்டுதான் சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் தொழிலாளர் கூட்டத்தில் குண்டு வெடித்து, தொழிலாளி என்றாலே அமெரிக்கா மிரண்டிருந்தது. அந்த நேரத்தில் இதை எழுத நெஞ்சுரம் வேண்டும்.  

1888இல் ரோம் இறங்கி வந்தது. விதிகளில் சில சொற்களைத் திருத்தினால் சங்கத்தைப் பொறுத்துக்கொள்ளலாம் என்றது, பௌடர்லி இசைந்தார். மூன்றே ஆண்டில், பிரீமேசன்களை 1884இல் கடுமையாகக் கண்டித்த அதே திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ, தொழிலாளர் சங்கம் அமைப்பது மனிதனின் இயற்கை உரிமை என்று உலகத்துக்கே சுற்றுமடல் எழுதினார்.