மூன்று மோட்டார் வண்டிகள்



அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு இயந்திரம் என்பது புதுமை அன்று. 1964-இல் தோன்றிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் மோட்டார் உறுப்புகள் பல உருவாகின்றன. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965-இல் விஜயந்தா டாங்கி பிறந்தது. பூந்தமல்லியைக் கடந்து பெங்களூர்ச் சாலையில் சென்றால், இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார்கள் உற்பத்தியாகி வருகின்றன. உங்களுள் பலர் நாளை இத்தொழிலில் புகக்கூடும். ஆகவே, புது வடிவம் பெற்ற ஓர் உயர்தர வண்டியை அதன் போட்டி வண்டிகளோடு ஒப்பிட்டு மதிப்பிடுவது எங்ஙனம் என்பதை இன்று ஆராய்வோம்.

இதற்குரிய சான்று நம் சென்னையிலேயே உண்டு. நகருக்குத் தெற்கே, வண்டலூரை அடுத்திருந்த ஸ்டாண்டர்ட் மோட்டார் நிறுவனம் 1985-இல் 'ஸ்டாண்டர்ட் 2000' என்னும் உயர்தர வண்டியை வெளியிட்டது. அதன் உடல், 1976-இல் பிரிட்டனில் அறிமுகமாகி, 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பிய வண்டி என்ற விருதைப் பெற்ற ரோவர் வண்டியின் உடலாகும். தாழ்ந்த மூக்கும் சரிந்த முதுகும் கொண்ட அவ்வடிவத்தைப் போன்றதொன்றை அன்றைய நம் சாலைகள் கண்டதில்லை. நமது பள்ளமேடுகளுக்கு ஏற்ப அதன் உயரத்தையும் கூட்டியிருந்தார்கள்.

ஆனால், அந்த உடலுக்குள் இருந்தது என்ன? பிரிட்டனில் அது முதலில் எட்டு உருளைகளும் 3,528 கன சென்டிமீட்டர் கொள்ளளவும் உள்ள எஞ்சினுடன் வந்தது. இங்கோ, 1,991 கன சென்டிமீட்டர் கொள்ளளவுள்ள நான்கு உருளை எஞ்சின் பொருத்தப்பட்டது. அது 1940-களில் தோன்றிய ஸ்டாண்டர்ட் வான்கார்டு வண்டியின் வழிவந்தது. பெர்குசன் டிராக்டரின் எஞ்சினும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதன் ஆற்றல் ஏறத்தாழ 83 குதிரைத் திறன். பெரிய உடலை இழுக்க அது திணறியது. பெட்ரோலையும் மிகுதியாகக் குடித்தது.

நிறுவனத்தாரின் நிலையையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்நியச் செலாவணி அரிதாக இருந்த காலம் அது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடுகள் பல. வான்கார்டு வண்டியைச் சென்னையிலேயே முன்பு இணைத்து உருவாக்கியவர்கள், பழகிய எஞ்சினை நாடியதில் வியப்பில்லை.

எனினும், அதே தளைகளுக்கு உட்பட்டிருந்த போட்டி நிறுவனங்கள் செய்ததைப் பாருங்கள். இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கான்டெஸ்ஸா, பிரிட்டனின் வாக்ஸால் விக்டர் வண்டியின் 1970-களின் உடலைக் கொண்டது. அம்பாசடரின் 1,489 கன சென்டிமீட்டர் எஞ்சினுடன் வந்து, அதுவும் முதலில் மெல்லத்தான் ஓடியது. ஆனால், சில ஆண்டுகளில் ஜப்பானின் இசுஸு எஞ்சின் அதில் இடம்பெற்றது. கொள்ளளவு 1,817 கன சென்டிமீட்டர். அளவில் சிறிய பிரீமியர் 118 என்.இ. வண்டியின் உடலோ 1966-இல் இத்தாலியில் தோன்றிய பியட் 124-இன் உடல். அதனுள் இருந்தது நிஸ்ஸான் நிறுவனத்தின் 1,171 கன சென்டிமீட்டர் எஞ்சின்.

ஆக, போட்டி வண்டிகள் இரண்டும் பழைய உடலுக்குள் புதிய எஞ்சினை ஏற்றன. நம் சென்னை வண்டி புதிய உடலுக்குள் பழைய எஞ்சினை ஏற்றது. முடிவு என்ன? ஸ்டாண்டர்ட் 2000 வண்டியின் உற்பத்தி 1988-ஆம் ஆண்டளவில் நின்றது. தொழிற்சாலையும் பின்னர் மூடப்பட்டது. கான்டெஸ்ஸா 2002 வரை உருவாகி வந்தது. ஒரு தொழிற்சாலை மூடப்படும்போது, பல குடும்பங்களின் அடுப்பும் அதனோடு அணைகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இதிலிருந்து நான்கு வினாக்களை நாம் வகுத்துக்கொள்ளலாம். வண்டியின் எடைக்கும் எஞ்சினின் ஆற்றலுக்கும் பொருத்தம் உண்டா? ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? நம் சாலைகளையும் வெயிலையும் மழையையும் தாங்குமா? பத்தாண்டு கழித்தும் அதன் உறுப்புகள் கிடைக்குமா, பழுது பார்க்க ஆள் இருப்பாரா? இந்நான்கிற்கும் விடை கண்ட பின்னரே அழகையும் சொகுசையும் பற்றிப் பேசலாம். மின்கலத்தால் ஓடும் வண்டியாயின், எஞ்சின் இருந்த இடத்தில் மின்கலத்தையும் மோட்டாரையும் வைத்து இதே வினாக்களைக் கேளுங்கள்.

இன்று ஒவ்வொரு நிறுவனமும் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை தன் தலைசிறந்த வண்டிக்குப் புதிய முகம் தருகிறது. விளக்குகள் மாறுகின்றன, இருக்கைகள் மாறுகின்றன, கண்ணாடித் திரைகள் பெருகுகின்றன. அவற்றை ரசிப்பதில் தவறில்லை. ஆயினும், மூடியைத் திறந்து உள்ளே பார்க்கும் பழக்கம் உங்களுக்கு வேண்டும். வாங்குபவர் அவ்வாறு பார்த்தால் அவர் பணம் காக்கப்படும். வடிவமைக்கும் பொறியாளர் அவ்வாறு பார்த்தால் ஒரு தொழிற்சாலையே காக்கப்படும்.