கட்டிப்போட்ட நாய்க்குப் பத்து நிமிஷப் பயிற்சி

(தோட்டக் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில், நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



இன்றைக்கு நாங்கள் பேசப்போவது நம்ம லயத்து நாய்களைப் பற்றி. சிரிக்க வேண்டாம். இது நம்ம பிள்ளைகளின் பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட விஷயம்.

காலையில் பெரட்டுக்குப் போகும்போது நாயைக் கட்டிவிட்டுப் போகிறோம். கொழுந்து நிறுத்து வீடு வரும்வரை அது அதே சங்கிலியில்தான் கிடக்குது. ஓடித் திரிய வேண்டிய பிராணி ஓடாமல் கிடந்தால் என்ன செய்யும்? நாள் முழுக்கக் குரைக்கும். அவிழ்த்து விட்டதும் பள்ளிக்கூடம் விட்டு வர்ற பிள்ளையைத் துரத்தும். பொல்லாத நாய் என்று நாம் அடிப்போம். அடி வாங்கின நாய் பயத்திலேயே இன்னும் கடிக்கும்.

இதற்குச் செலவில்லாத ஒரு வழி, நாய்க்குத் தடை தாண்டப் பழக்குவது. வெளிநாட்டில் இதை ‘அஜிலிட்டி’ என்பார்கள். 1978ஆம் ஆண்டு லண்டனில் நடந்த ‘கிரஃப்ட்ஸ்’ நாய்க் கண்காட்சியில், இடைவேளையில் சனங்களுக்கு வேடிக்கை காட்டத்தான் இதைச் செய்தார்கள். குதிரைகள் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து அமைத்தது அது. இன்றைக்குப் பல நாடுகளில் பெரிய போட்டி. ஆனால் சாதி நாய்தான் வேணும் என்றில்லை, நம்ம ஊர் நாயும் நல்லாப் பழகும்.

சாமான் எல்லாம் வீட்டைச் சுற்றியே இருக்குது. இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, மேலே ஒரு மூங்கில் கம்பைச் சும்மா வையுங்கள். கட்டிவிடாதீங்க. கால் பட்டால் கம்பு கீழே விழ வேணும், இல்லாவிட்டால் நாயின் கால் முறியும். கவ்வாத்து மிலாறில் நேரான கம்பு ஆறு எடுத்து, இரண்டு அடிக்கு ஒன்றாக வரிசையாய் நடுங்கள். நாய் வளைந்து வளைந்து போகப் பழகும். கூர் முனை மேலே நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கின் மேல் பழைய சேலையைப் போட்டால் நுழைந்து போக ஒரு குகை. அகலமான பலகையைச் செங்கல் மேல் ஆடாமல் வைத்தால் நடக்க ஒரு பாலம்.

முதல் பாடம் தாண்டுவது இல்லீங்க, கூப்பிட்டதும் வருவது. பெயர் சொல்லி “வா” என்று கூப்பிடுங்கள். வந்ததும் ஒரு துண்டு ரொட்டியோ அவிச்ச வத்தாளங்கிழங்கோ கொடுங்கள். இது பழகின பிறகு கம்பைத் தரையில் வைத்து, கயிற்றில் பிடித்தபடி கடக்க வையுங்கள். அப்புறம் ஒரு செங்கல் உயரம். வீட்டுப் பயிற்சிக்கு நாயின் முன்னங்கால் முட்டி உயரத்துக்கு மேல் தேவையே இல்லை. ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம் போதும். பிழை விட்டால் அடிக்காதீங்க, ஏசாதீங்க. திரும்பவும் இலேசானதைச் செய்ய வைத்து, அது சந்தோஷமாக இருக்கும்போதே நிறுத்துங்கள்.

குட்டிகளைத் தாண்ட விட வேண்டாம். எலும்பு வளர்கிற வயசு அது. இங்கிலாந்துப் போட்டிகளிலேயே 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்ப்பதில்லை. குட்டிக்குக் குகையும், தரையில் வைத்த கம்பும் போதும். சினைப்பட்ட நாய், கிழட்டு நாய், நொண்டுகிற நாய் இவற்றையும் விட்டுவிடுங்கள். மழை பெய்து வழுக்கும் நாளிலும், சிமெந்துத் தரையிலும் தாண்டல் கூடாது. வயிறு நிறையத் தின்ற உடனேயும் கூடாது.

பயிற்சி தொடங்கும் முன்னமே வெறிநாய்க்கடி நோய்க்கான தடுப்பூசியை நாய்க்குப் போட்டிருக்க வேணும். வருஷா வருஷம் போட வேணும். எங்கே, எப்போது போடுகிறார்கள் என்று உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள். பிள்ளையை நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ, காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவி, உடனே அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். நம்ம வீட்டு நாய்தானே என்று இருந்துவிட வேண்டாம். அந்த நோய் வந்த பிறகு காப்பாற்றுவது அரிது.

தம்பி தங்கைமாரே, பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கும்போது நீங்களே பழக்கலாம். கூப்பிட்டதும் நின்று திரும்பி வருகிற நாய், லொறி வரும் பாதையில் குறுக்கே பாயாது, அடுத்த காம்பறாப் பிள்ளை மேலேயும் பாயாது. ரெண்டு செங்கலும் ஒரு கம்பும் எல்லார் வீட்டிலும் இருக்குது. இன்று பின்னேரமே தொடங்குங்கள்.