நீர்ச்செடித் தொட்டிக்கு எத்துணை ஒளி?



லாபு தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு நிழலைப் பற்றி எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. உச்சிவெயிலிலும் பால்மரக் காட்டினுள் நுழைந்தால் கண் சற்றுத் தடுமாறும். முற்றிய செம்பனைத் தோட்டமும் அத்தகையதே. இம்மண்ணின் காட்டோடைகளில் அத்தகைய நிழலிலேயே வாழும் நீர்ச்செடிகள் உண்டு. கிரிப்டோகொரைன் என்னும் இனம் அவற்றுள் ஒன்று. தமிழக மருந்துக்கடைகளில் நாட்டு அதிவிடயம் என்று விற்கப்படும் கிழங்கும் இவ்வினத்துச் செடியொன்றினுடையதே. ஓடைப்பாறையைப் பற்றி வளரும் ஜாவாப் பெரணியும் நிழலுக்குப் பழகியது. இன்று உலகெங்கும் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளை அணிசெய்யும் இச்செடிகளை வாங்கிவந்து, பேரொளியில் வைத்துக் கெடுப்போர் பலர். நாமும் அவருள் ஒருவராய் இருந்தோம்.

நாம் முதன்முதல் வைத்த தொட்டி இரண்டடி நீளம். செடிக்கு வெயில் நல்லது என்பதைப் பள்ளியில் படித்தவராதலால், அதனைக் கிழக்குச் சன்னலருகே வைத்தோம். போதாதென்று மேலே ஒரு விளக்கையும் இரவு பத்துமணி வரை எரியவிட்டோம். மூன்றாம் வாரத்தில் நீர் பச்சைச் சாயம் கரைத்தாற்போல் ஆயிற்று. விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாய்பிளந்து நின்றன. இரண்டு இறந்தும் போயின. பகலில் உயிர்வளியைத் தரும் பசுமை, இரவில் அதனையே உட்கொள்ளும் என்பதும் பள்ளியில் படித்ததுதான். அதனை நாம் நினைவிற் கொள்ளவில்லை.

ஒளியின்றிச் செடி இல்லை. 1779இல் யான் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர், பச்சை இலைகளை நீரில் அமிழ்த்தி, வெயிலில் மட்டுமே அவை உயிர்வளிக் குமிழிகளை விடுவதைக் கண்டு எழுதினார். ஆயின் ஒளியைக் கூட்டக் கூட்ட வளர்ச்சியும் கூடிக்கொண்டே போகுமா என்பது வேறு வினா. அதற்கு விடையளித்தவர் ஆங்கிலேயத் தாவரவியலறிஞர் பிளாக்மன். பல காரணிகள் சேர்ந்து நிகழ்த்தும் வினையின் வேகத்தை, அவற்றுள் மிகக் குறைந்து நிற்கும் காரணியே கட்டுப்படுத்தும் என்று 1905இல் அவர் நிறுவினார்.

ஆசிரியர்கள் இதனை வகுப்பறையிலேயே காட்டலாம். ஹைட்ரில்லாத் துண்டு, கவிழ்த்த புனல், நீர் நிரம்பிய சோதனைக்குழாய் ஆகியவற்றைக் கொண்டு செய்யும் பழைய சோதனை நாம் அனைவரும் அறிந்ததே. விளக்கை அண்மையிற் கொண்டுவந்தால் குமிழிகள் பெருகும். ஓர் எல்லைக்குப் பின், விளக்கை எவ்வளவு நெருக்கினும் எண்ணிக்கை கூடாது. அப்போது நீரில் ஒரு சிட்டிகைச் சமையற் சோடாவைக் கலந்து பாருங்கள். குமிழிகள் மீண்டும் பெருகக் காண்பீர்கள். குறைந்திருந்தது கரிவளியே, ஒளியன்று. வீட்டுத் தொட்டியில் நிகழ்வதும் இதுவே. கரிவளி உருளை பூட்டாத எளிய தொட்டியில் பேரொளியைப் பாய்ச்சினால், செடியால் அதனை உண்ண இயலாது. எஞ்சிய ஒளியைப் பாசி உண்டு கொழுக்கும்.

பாசி என்ற சொல்லைக் குறித்து இம்மன்றத்தில் ஒன்று கூறியாகவேண்டும். கண்ணாடியிற் படியும் பச்சைப் படலமும் பாசி; பாறைமேற் படரும் மெத்தையும் பாசி; வேலம்பாசி எனப்படும் பூக்கும் நீர்ச்செடியும் பாசி. பேச்சு வழக்கில் இதனால் இடரில்லை. ஆயின் “தொட்டியில் பாசி வளர ஒளி தேவை” என்று வகுப்பில் எழுதினால், வளர்க்க வேண்டியதையும் தடுக்க வேண்டியதையும் மாணவன் ஒன்றாகவே கொள்வான். வேரும் தண்டும் இலையும் உடையதை நீர்ச்செடி என்றும், அவையற்ற எளிய பசும்படலத்தை மட்டும் பாசி என்றும் பாடத்தில் வழங்குவது நன்று என்பது நம் கருத்து.

இனி விளக்கைத் தேர்வோம். கடைக்காரர் எத்தனை வாட் என்று கேட்பார். வாட் என்பது விளக்கு உண்ணும் மின்சாரத்தின் அளவேயன்றி, அது தரும் ஒளியின் அளவன்று. குழல்விளக்குக் காலத்தில் எழுந்த வாட் கணக்கு, இன்றைய எல்.இ.டி. விளக்குக்குப் பொருந்தாது. லூமன் சற்று மேலானது. எனினும் அதுவும் மனிதக் கண்ணுக்காக அமைந்த அளவு. பச்சை ஒளிக்கு மிகுந்த மதிப்பளிப்பது. செடியின் பச்சையமோ நீலத்தையும் சிவப்பையுமே பெரிதும் நாடும். ஆதலின் லூமனைத் தோராய வழிகாட்டியாகக் கொள்வோம். நிழற்செடிகளுக்கு லிட்டருக்கு 15 முதல் 20 லூமன் போதும். 60 செ.மீ. நீளமும், 30 செ.மீ. அகலமும், 30 செ.மீ. உயரமும் உள்ள தொட்டி 54 லிட்டர் கொள்ளும். அதற்கு ஏறத்தாழ 1000 லூமன். பத்து வாட் எல்.இ.டி. விளக்கொன்றே அதனைத் தந்துவிடும். நிறவெப்பநிலை 6500 கெல்வின் அளவில் இருந்தால் பகலொளி போல் தோன்றும். இது பெரும்பாலும் நம் கண்ணின் இன்பத்துக்காகவே. செடி அவ்வளவு நுணுக்கம் பார்ப்பதில்லை.

விளக்கைத் தேர்வதினும் அதனை அணைப்பதே கடினம். லாபு நிலநடுக்கோட்டுக்கு மூன்று பாகைக்கும் குறைந்த தொலைவில் உள்ளது. ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். அதனால் தொட்டிக்கும் 12 மணி என்று கொள்ளுதல் தவறு. புதுத் தொட்டிக்கு ஆறு மணி நேரமே சாலும். செடி வேரூன்றிய பின் எட்டாக்கலாம். விருந்தினர் வந்தால் ஏற்றுவதும் மறந்தால் அணைப்பதுமாய் இராமல், நேர இயக்கி ஒன்றை மாட்டிவிடுதல் நலம். தண்டு மெலிந்து, கணுக்கள் விலகி மேலே நீண்டால் ஒளி குறைவு. இலை விளிம்பில் மயிர்போல் பாசி தொற்றினால், நேரத்தில் ஒரு மணியைக் குறையுங்கள். எதனை மாற்றினும் ஒன்றை மட்டும் மாற்றி, இரண்டு வாரம் பொறுத்துப் பாருங்கள். இந்தப் பொறுமையே நமக்கு வாய்ப்பதில்லை.

கிரிப்டோகொரைன் செடி இடமும் ஒளியும் மாறினால் இலைகளெல்லாம் கூழாய்க் கரைந்துவிடும். செத்தது என்றெண்ணி மாணவர் பிடுங்கி எறிவர். எறியற்க. அழுகிய இலையை மட்டும் நீக்கிவிட்டு வேரை விட்டுவைத்தால், சில வாரங்களில் புதிய தளிர் எழும்.

பள்ளியில் தொட்டி வைப்போர்க்கு ஒன்று கூறி அமைகிறோம். விளக்கின் கம்பி சுவர்ச் செருகுமுனைக்கு நேரே செல்லலாகாது. அதற்குக் கீழே ஒரு வளைவாய்த் தொங்கி மேலேறுமாறு அமையுங்கள். கம்பி வழியே இறங்கும் நீர் அவ்வளைவிலேயே சொட்டிவிடும். மாணவர் கை நீரில் இறங்குமுன், மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று ஆசிரியர் தாமே பார்த்துக்கொள்க.