கோழிக்குள் இருக்கும் புனல்

(திருநின்றவூர் உழவர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பூசலார் நாயனார் தம் இதயத்திலேயே கோயில் கட்டிய ஊர் இது. அந்த இதயத்துக்குள்ளும் ஒரு புனல் உண்டு. வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழி, மேலே போகப் போகக் குறுகி, கவிழ்த்து வைத்த புனலைப் போல இருக்கும். மண்ணெண்ணெய் ஊற்றும் தகரப் புனலை அறியாதவர் நம்மில் இல்லை. அகன்ற வாயில் வாங்கிக் குறுகிய கழுத்தில் விடுவது அதன் வேலை. மனிதர், மாடு, கோழி எல்லா உடலிலும் இந்த அமைப்பு பல இடங்களில் இருக்கிறது. நம் வருமானத்தைத் தொடுகிற சிலவற்றை மட்டும் இன்று பார்ப்போம்.

முதலில் கோழி. பெட்டைக் கோழியின் வயிற்றில் இடது பக்கத்துச் சினைப்பையும் முட்டைக்குழாயும்தான் வேலை செய்கின்றன. அந்தக் குழாயின் வாய் ஒரு மெல்லிய புனல்; நீளம் சுமார் 9 செ.மீ. சினைப்பையில் முதிர்ந்த மஞ்சள் கரு விடுபட்டதும் புனல் அதைக் கவ்வி விழுங்குகிறது. அங்கே அது தங்குவது ஏறத்தாழ கால் மணி நேரம்தான். சேவலின் உயிரணு கருவோடு சேர வேண்டுமானால் அந்தக் கால் மணிக்குள் சேர்ந்தாக வேண்டும். அப்பால் வெள்ளைக்கரு சுற்றிக்கொள்ளும், பிறகு வழியில்லை. வெள்ளைக்கருவுக்கு 3 மணி நேரம், உள் சவ்வுகளுக்கு ஒன்றேகால் மணி நேரம், ஓட்டுக்குச் சுமார் 20 மணி நேரம். மொத்தம் ஒரு நாளைக்குச் சற்று மேலாகிவிடுகிறது. அதனால்தான் இன்று காலை 8 மணிக்கு இட்ட கோழி நாளை சற்றுத் தாமதித்து இடுகிறது. பிறகு ஒரு நாள் விட்டுவிடுகிறது. இது நோயல்ல.

ஓடு பெரும்பாலும் இரவில் உருவாகிறது. ஒரு முட்டை ஓட்டுக்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆகவே உடைத்த கிளிஞ்சலை மாலை வேளையில் தனித் தட்டில் வையுங்கள். நம் மாவட்டத்துப் பழவேற்காட்டுக் கிளிஞ்சலே போதும்.

இரண்டு கருக்கள் ஒன்றாக விடுபட்டு, புனல் இரண்டையும் சேர்த்து வாங்கினால் இரட்டைக் கரு முட்டை. கரு புனலுக்குத் தப்பி வயிற்றுக்குள் விழுவதும் உண்டு. எப்போதாவது விழுந்தால் உடல் அதை உறிஞ்சிக்கொள்ளும். அடிக்கடி விழுந்து கிருமியும் சேர்ந்தால் வயிறு தொங்கும், கோழி நடை மாறும், இறந்தும் போகும். இன்னொரு வகை: குஞ்சாக இருக்கும்போது மூச்சுக்குழல் தொற்று நோய் தாக்கினால் முட்டைக்குழாய் வளராமலே நின்றுவிடலாம். அப்படிப்பட்ட கோழி கொண்டை சிவந்து, நன்றாகத் தின்று, கூட்டில் போய் உட்கார்ந்து எழுந்து வரும். முட்டை மட்டும் இராது. அதற்கு மருந்து கிடையாது. தீனிச் செலவைக் கணக்கிட்டு அதைக் கழித்துவிடுவதே நல்லது. கழிப்பதற்கு முன் கீரியையும் ஒருமுறை சந்தேகப்பட்டுக்கொள்ளுங்கள்!

அடை வைக்க முட்டை சேர்ப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. சேவலின் உயிரணுக்கள் பெட்டையின் குழாயில் இரண்டு வாரம், சில சமயம் மூன்று வாரம்கூட உயிரோடிருந்து, நாள்தோறும் புனலுக்கு ஏறி வரும். நல்ல இனச் சேவல் வாங்கி விட்ட மறுவாரமே முட்டை பொறுக்கினால் பழைய சேவலின் குஞ்சும் கலந்து வரும். பழைய சேவலை விலக்கி மூன்று வாரம் பொறுங்கள்.

இனி பசு. இங்கும் சினைப்பையை அணைத்தபடி புனல் வாய் உண்டு. பெண்களுக்கும் இதே அமைப்புதான். பருவ அறிகுறிகள் அடங்கி 10 முதல் 12 மணி நேரம் கழித்தே பசுவின் கருமுட்டை வெளிவருகிறது. அது சில மணி நேரமே பயன்படும். உயிரணுக்கள் முன்னதாகப் போய்க் காத்திருக்க வேண்டும். காலையில் பருவத்துக்கு வந்த மாட்டுக்கு அன்று மாலையும், மாலையில் வந்ததற்கு மறுநாள் காலையும் சினை ஊசி போடச் சொல்வது இதனால்தான். கத்தியவுடன் ஓட்டிச் செல்வதும், கத்தி ஓய்ந்து ஒரு நாள் கழித்துச் செல்வதும் வீண்.

நாள் தவறாமல் போட்டும் சில மாடுகள் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பருவத்துக்கு வரும். காரணங்கள் பல, அவற்றுள் ஒன்று, கன்று ஈன்றபோது ஏற்பட்ட சீழ் மேலே பரவிப் புனல் ஒட்டிப்போவது. இரு பக்கமும் ஒட்டிவிட்டால் எத்தனை ஊசி போட்டும் பயனில்லை. நஞ்சுக்கொடி விழவில்லை என்று கையை விட்டு இழுப்பதும், கல்லைக் கட்டித் தொங்கவிடுவதும் இந்த நிலைக்கு வழி வகுக்கும். 12 மணி நேரத்துக்குள் விழாவிட்டால் கால்நடை மருத்துவரை அழையுங்கள். ஒரு கறவை மாட்டின் எதிர்காலம் அந்த ஒரு நாளில் இருக்கிறது.

கடைசியாக, மூளையின் அடியில் ஒரு சிறு புனல். பிட்யூட்டரி சுரப்பி அதன் காம்பில்தான் தொங்குகிறது. கன்று முட்டும்போதும் மடியைக் கழுவித் தடவும்போதும் மூளையிலிருந்து அந்தக் காம்பு வழியே வந்து சேமித்திருந்த ஆக்சிடோசின் இரத்தத்தில் கலந்து, ஒரு நிமிடம் அளவில் மடியை எட்டுகிறது. அதன் வேகம் 5 முதல் 8 நிமிடமே. அதற்குள் கறந்து முடிக்க வேண்டும். அடித்தாலோ, நாய் குரைத்து மிரண்டாலோ மாடு பாலை அடக்கிக்கொள்ளும். அப்போது ஊசியைத் தேடாதீர்கள். பால் பெருக்க வேண்டி மாட்டின் உடல்நலம் கெடும்படி ஊசி போடுவது 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டப்படி 2 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம்.