பசியை அடக்கும் ஊசியும் பசித்திருக்கும் நாடும்

(மக்கள் நல்வாழ்வு குறித்த கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சென்ற மாதம் ஒரு கிளைக் கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தபோது, ஆட்டோ ஓட்டும் தோழர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "எடையைக் குறைக்க வாரம் ஒரு ஊசி போட்டால் போதுமாமே, தோழர்? பசியே எடுக்காதாம். எனக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது. டாக்டரும் எடையைக் குறைக்கச் சொல்கிறார். நான் போட்டுக்கொள்ளலாமா?" அருகிலிருந்த இன்னொரு தோழர் சிரித்தபடி, "அதெல்லாம் பணக்காரர் வியாதிக்கு" என்றார். அந்தக் கேள்விக்கும் அந்தச் சிரிப்புக்கும் இன்று பதில் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் சிரிப்பு. உடல் பருமன் பணக்காரர் வியாதி என்பது இன்றைய உண்மையல்ல. 2019-21ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, பெண்களில் 24 சதவீதம் பேரும் ஆண்களில் ஏறத்தாழ 23 சதவீதம் பேரும் அளவுக்கு மீறிய எடை கொண்டவர்கள். அதே ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமின்றிக் குன்றியிருப்பதையும், பெண்களில் 57 சதவீதம் பேர் இரத்தசோகையால் வாடுவதையும் கூறுகிறது. இவை இரண்டு வெவ்வேறு நாடுகளின் கணக்கல்ல. வயிறு நிரம்ப அரிசியோ கோதுமையோ கிடைத்து, பருப்பும் முட்டையும் காய்கறியும் எட்டாத வீட்டில் இரண்டும் சேர்ந்தே குடியிருக்கும். பன்னிரண்டு மணி நேரம் இருக்கையை விட்டு எழாமல் வண்டி ஓட்டி, கிடைத்த இடத்தில் எண்ணெயில் பொரித்ததைத் தின்று, நள்ளிரவில் உறங்கும் தொழிலாளியின் உடல் பருத்தால், அது அவரது ஒழுக்கக்கேடு அல்ல. அவருடைய வேலைநாளின் விளைவு. எனவே நாம் சிரிக்கக் கூடாது, தோழர்களே.

அடுத்து, மருந்து. உணவு உண்டதும் நமது குடலில் ஜிஎல்பி-1 என்னும் ஹார்மோன் சுரக்கிறது. இன்சுலின் சுரப்பைத் தூண்டுவதும், இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துவதும், வயிறு நிறைந்தது என மூளைக்கு உணர்த்துவதும் அதன் வேலை. இயற்கையான ஹார்மோன் சில நிமிடங்களில் சிதைந்துவிடும். அதைப் போன்றே செயல்பட்டு, ஒரு வாரம் உடலில் நீடிக்குமாறு வடிவமைக்கப்பட்டவையே செமாக்ளூடைடு, திர்செபடைடு போன்ற மருந்துகள். இவை மோசடி மருந்துகள் அல்ல. 2021ல் வெளியான ஆய்வில், 68 வாரங்கள் செமாக்ளூடைடு எடுத்துக்கொண்டோரின் எடை சராசரியாக 15 சதவீதம் குறைந்தது. இதய நோயுள்ளவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் போன்ற அபாயம் 20 சதவீதம் குறைவதை 2023ல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆனால் இது மந்திரமும் அல்ல. மருந்தை நிறுத்திய ஓராண்டுக்குள், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிடுகிறது. குமட்டல், வாந்தி, வயிற்றுப்போக்கு பரவலானவை. பித்தப்பைக் கல், கணைய அழற்சி அரிதாக நேரலாம். கொழுப்புடன் தசையும் கரைகிறது. புரதம் குறைந்த உணவை உண்ணும் நமது மக்களுக்கு இது சிறிய விஷயமல்ல. எடை குறைக்க விற்கப்பட்ட ரிமோனாபன்ட் 2009லும், சிபுட்ரமின் 2011லும் நமது நாட்டில் தடை செய்யப்பட்டன. புதிய மருந்துகள் அவற்றினும் மேலானவை என்றாலும், அழகு நிலையத்திலும் உடற்பயிற்சிக் கூடத்திலும் மருத்துவர் சீட்டின்றிக் கைமாறும் எந்த மருந்தும் ஆபத்தானதே.

இந்த அறிவியல் எங்கிருந்து வந்தது? நியூயார்க்கில் முன்னாள் படைவீரர்களுக்கான அரசு மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் எங், கிலா மான்ஸ்டர் என்னும் பல்லியின் நஞ்சில் இந்த ஹார்மோனை ஒத்த ஒரு பொருளைக் கண்டறிந்தார். அதிலிருந்துதான் இவ்வகையின் முதல் மருந்து 2005ல் சந்தைக்கு வந்தது. தொடக்கத்தில் பொதுப் பணமும் பொது மருத்துவமனையும் இருந்தன. முடிவில் ஏகபோக விலை நிற்கிறது.

2025 மார்ச்சில் எலி லில்லி நிறுவனம் மவுன்ஜாரோவை இந்தியாவில் அறிமுகம் செய்தபோது, மிகக் குறைந்த அளவு கொண்ட ஒரு குப்பியின் விலை 3,500 ரூபாய். வாரம் ஒன்று வீதம் மாதத்துக்கு 14,000 ரூபாய். நாட்டின் ஊட்டச்சத்துப் பணியைத் தோளில் சுமக்கும் அங்கன்வாடி ஊழியருக்கு ஒன்றிய அரசு 2018ல் நிர்ணயித்த மாத மதிப்பூதியம் 4,500 ரூபாய். அவரது மூன்று மாத உழைப்பு, அன்று ஒரு மாத ஊசிக்குப் போதவில்லை. நிறுத்தினால் எடை திரும்பும் மருந்து என்பதால், நிறுவனத்தின் கண்ணில் நோயாளி வாழ்நாள் வாடிக்கையாளர் ஆகிறார்.

இந்த விலை இயற்கை விதியல்ல. 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிப்பு முறைக்கு மட்டுமே தந்தது. அதனால்தான் உலகின் ஏழைகளுக்கு மருந்து தரும் நாடாக இந்தியா வளர்ந்தது. உலக வர்த்தக அமைப்பின் நிர்ப்பந்தத்தால் 2005ல் அது மாற்றப்பட்டபோது, நாடாளுமன்றத்தில் இடதுசாரிகள் போராடிச் சில பாதுகாப்புகளைச் சேர்க்கச் செய்தனர். பழைய மருந்தைச் சற்றே மாற்றிப் புதுக் காப்புரிமை கோருவதைத் தடுக்கும் 3(டி) பிரிவின் பலத்தில்தான், 2013ல் உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் புற்றுநோய் மருந்து வழக்கைத் தள்ளுபடி செய்தது. 2012ல் வழங்கப்பட்ட கட்டாய உரிமத்தால், மாதம் 2,80,000 ரூபாய்க்கு விற்ற இன்னொரு புற்றுநோய் மருந்து 8,800 ரூபாய்க்குக் கிடைத்தது. செமாக்ளூடைடு மூலக்கூறு மீதான இந்தியக் காப்புரிமையின் ஆயுள் 2026 மார்ச் வரைதான். காப்புரிமை முடிந்தால் போட்டி வரும், விலை இறங்கும். ஆனால் விளம்பரமும் முறையற்ற விற்பனையும் கூடவே பெருகும். சந்தையிடம் விட்டால், தேவைப்படுவோருக்குக் கிடைக்காமல், தேவையற்றோருக்குத் திணிக்கப்படும்.

எனவே நமது கோரிக்கைகள் தெளிவாக இருக்க வேண்டும். முதலாவதாக, 2017ல் இதய ஸ்டென்டுகளுக்கு உச்சவரம்பு விலை நிர்ணயித்த அரசு, இம்மருந்துகளுக்கும் அதைச் செய்ய வேண்டும். நீரிழிவுடன் பருமனும் இதய நோயோ சிறுநீரக நோயோ உள்ளவர்களுக்காக, உலக சுகாதார நிறுவனம் 2025 செப்டம்பரில் இவற்றை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துள்ளது. இரண்டாவதாக, அத்தகைய நோயாளிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் இவை இலவசமாகக் கிடைக்க வேண்டும். மூன்றாவதாக, மருத்துவர் சீட்டில்லா விற்பனையும் மறைமுக விளம்பரமும் தடுக்கப்பட வேண்டும். நான்காவதாக, ரேஷனில் பருப்பு, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் முட்டை, பாக்கெட் உணவின் முகப்பில் எச்சரிக்கை, எட்டு மணி நேர வேலை ஆகியவற்றுக்கான போராட்டம் தீவிரமாக வேண்டும். பருமனுக்கும் ஊட்டச்சத்துக் குறைவுக்கும் பொதுவான மருந்து இதுவே. ஊசி வந்துவிட்டது, இனி உணவுக் கொள்கை எதற்கு என ஆள்வோர் கைகழுவ இடமளிக்கக் கூடாது.

அந்த ஆட்டோத் தோழருக்கு நான் சொன்னது இதுதான்: "கடையில் கேட்டு வாங்காதீர்கள், அரசு மருத்துவமனையில் முறையாகப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். உங்களுக்கு அது தேவை என்று மருத்துவர் சொன்னால், அது உங்களுக்கும் உரிய மருந்துதான். விலை குறுக்கே நின்றால், அது உங்கள் தனிப்பட்ட கஷ்டமல்ல. நம் அனைவரின் போராட்டம்."