எழுத்தறிந்த தாயும் எழுத்தறியாத கருவியும்

(வானொலி இலக்கிய வரிசையில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



தூது விடுவது தமிழ் இலக்கியத்துக்குப் பழகிய காரியம். வறுமையால் ஊரைவிட்டுப் போன சத்திமுத்தப் புலவர், மதுரையிலே குளிரில் ஒடுங்கிக் கிடந்த வேளையில், வானிற் பறந்த நாரையைத் தம் மனைவியிடம் தூது போகச் சொன்னார். நமது சுன்னாகத்து வரத பண்டிதர் கிளியைத் தூது விட்டார். மதுரைச் சொக்கநாதரிடம் தமிழையே தூது விட்ட புலவர் ஒருவரும் உண்டு. அவர் பெயர் தெரியவில்லை. 'தமிழ்விடு தூது' என்ற அவருடைய நூல் நிலைத்திருக்கிறது. இந்தப் புலவர்கள் யாருக்கும் ஒரு கவலை இருந்ததில்லை. தூது போகிறவருக்குத் தமிழ் தெரியுமா என்று அவர்கள் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நாரைக்கும் தெரிந்திருந்தது, கிளிக்கும் தெரிந்திருந்தது.

நம்முடைய காலத்துத் தூதுவர் கையடக்கத் தொலைபேசி. அவருக்குத் தமிழ் தெரியாதிருந்த சில ஆண்டுகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். தொடுதிரையும் விசைப்பலகையும் ஒன்றாகப் பொருந்தி வந்த ஒரு வகைத் தொலைபேசி அந்நாட்களில் இருந்தது. அதை வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வைத்திருந்தவர்களின் அனுபவங்கள் சில எனக்குத் தெரியும். இலக்கிய நிகழ்ச்சியில் இதற்கென்ன இடம் என்று நீங்கள் கேட்கலாம். எழுத்து எதன்மேல் எழுதப்படுகிறதோ, அதுவும் இலக்கியக்காரனின் கவலைதான். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று நம் முன்னோர் புள்ளியை விட்டு எழுதினார்கள். தாளும் அச்சும் வந்த பின்னரே புள்ளி நிலைபெற்றது. கருவி மாறும்போது எழுத்தின் தலைவிதியும் மாறுகிறது.

2008ஆம் ஆண்டு ஒக்ரோபரில் அமெரிக்காவில் ஜி-1 என்ற தொலைபேசி விற்பனைக்கு வந்தது. தாய்வானின் எச்.ரி.சி. நிறுவனம் செய்தது, ரி-மொபைல் விற்றது. கூகுளின் அன்ட்ரொயிட் இயங்குதளத்தோடு விற்பனைக்கு வந்த முதற் தொலைபேசி அதுவே. 3.2 அங்குலத் தொடுதிரை. அந்தத் திரையை ஒரு பக்கமாகத் தள்ளினால், சற்றே வளைந்து நகர்ந்து, கீழிருந்து ஐந்து வரிசை விசைப்பலகை வெளிப்படும். 2009 ஜூனில் கனடாவின் ரொஜர்ஸ் நிறுவனம் இதையே 'ட்ரீம்' என்ற பெயரில் விற்றது. அதே ஆண்டில் நொக்கியாவின் என்-97, அடுத்த ஆண்டில் பிளக்பெரி டோர்ச் என, திரையும் விசையும் சேர்ந்த போன்கள் தொடர்ந்து வந்தன.

கொழும்புத் தமிழரிடம் இத்தகைய போன்கள் பெரும்பாலும் கடை வழியாக வரவில்லை. உறவு வழியாகவே வந்தன. ரொறன்ரோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் கலியாணத்துக்கோ கோயிற் திருவிழாவுக்கோ வந்தவர்களின் பயணப் பெட்டிக்குள், சொக்லேற்றுக்கும் வாசனைத் திரவியத்துக்கும் நடுவே அவை இருந்தன. அந்நாட்டு நிறுவனத்தின் சிம் அட்டைக்கு மாத்திரமே வேலை செய்யும்படி பூட்டப்பட்டிருக்கும். காலி வீதிக் கடை ஒன்றில் கொடுத்துப் பூட்டைத் திறந்த பிறகுதான் நம்மூர் சிம்மை ஏற்றுக்கொள்ளும்.

வைத்திருந்தவர்கள் அதை எப்படி நேசித்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்கு வேலைக்குப் போகும் இளைஞர் ஒருவரை நான் அறிவேன். 100ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலுக்குள் நின்றபடி, யன்னலூடாகக் கடலைப் பார்த்துக்கொண்டே இரண்டு பெருவிரல்களாலும் தகவல் எழுதி முடித்துவிடுவார். விசை ஒவ்வொன்றும் விரலுக்குப் பதில் சொல்லும், பார்க்கத் தேவையில்லை என்பார். திரையைத் தள்ளும்போது எழும் அந்தச் சத்தத்துக்காகவே காரணமில்லாமற் திறந்து மூடுவார். குறைகளையும் அவரே அடுக்குவார். பற்றரி மாலைவரை தாங்காது. திறந்து மூடித் திறந்து மூடி, திரைக்கும் உடலுக்கும் நடுவே ஓடும் ரிப்பன் ஒருநாள் தேய்ந்துபோகும். திருத்துகிறவர் தலையை ஆட்டுவார்.

ஜி-1 பற்றி உலகம் முழுதும் பேசப்பட்ட ஒரு வேடிக்கையும் உண்டு. வெளிவந்த சில கிழமைகளில், அதாவது 2008 நவம்பரில், ஒரு பிழை கண்டுபிடிக்கப்பட்டது. விசைப்பலகையில் எதை எழுதினாலும் அது திரைக்கு மட்டும் போகாமல், உள்ளே இயங்குதளத்தின் அடித்தளத்துக்கும் கட்டளையாகப் போய்க்கொண்டிருந்தது. 'மறுபடி தொடங்கு' என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லை நண்பருக்கு எழுதி வரியை முடித்தால், போன் தானாக அணைந்து மறுபடி தொடங்கும். அப்பிழை விரைவில் திருத்தப்பட்டது. ஆயினும் சொல்லுக்கு இவ்வளவு கீழ்ப்படிந்த கருவியை நாம் வேறெங்கும் கண்டதில்லை. அவ்வளவு கீழ்ப்படிந்த கருவிக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் விளங்கவில்லை என்பதுதான் நமது கதை.

யூனிக்கோட் என்ற உலகப் பொதுக் குறியீட்டில் தமிழுக்கு 1991இலேயே இடம் கிடைத்துவிட்டது. அப்படியிருந்தும் ஆரம்பகால அன்ட்ரொயிட்டில் தமிழ் எழுத்துரு இருக்கவில்லை. தமிழில் யாரும் ஒன்று அனுப்பினால் திரையில் வரிசையாகச் சதுரப் பெட்டிகள் தெரியும். 2009ஆம் ஆண்டில், வன்னியில் உறவினரை வைத்துக்கொண்டு கொழும்பில் உறங்காதிருந்தவர்கள் பலர். அவர்களிற் சிலர் கையில் உலகத்தையே காட்டக்கூடிய போன் இருந்தது. தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்தால் பெட்டிகள். ஒபேரா மினி என்ற உலாவியில் ஒரு வழி இருப்பதை மெல்ல மெல்ல ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். முகவரி எழுதும் இடத்தில் 'ஒபேரா கொன்ஃபிக்' என்று எழுதி, வருகிற பட்டியலில் ஒரு வரியை மாற்றினால், தமிழ் எழுத்துகள் படமாக வந்து சேரும். எழுத்தாக இல்லாவிட்டாலும் படமாகவாவது தமிழைப் பார்த்தார்கள். வாசிக்க இப்படியொரு வழி கிடைத்தது. எழுதத்தான் வழியில்லை. விசைகளின் மேல் ஆங்கில எழுத்து அச்சிடப்பட்டிருந்தது. அதை அழித்து வேறெழுத்து எழுத முடியாது.

காசுக் கணக்கும் நமக்கு எதிராகவே இருந்தது. ஆங்கில எழுத்தில் ஒரு குறுந்தகவலுக்குள் 160 எழுத்துகள் கொள்ளும். தமிழில் எழுதினால் 70 இடங்கள் மட்டுமே. அதிலும் 'கொழும்பு' என்ற நான்கெழுத்துச் சொல், மெய் வேறு, உயிர்க்குறி வேறு, புள்ளி வேறு என்று கணக்கிடப்பட்டு எட்டு இடங்களைப் பிடித்துக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் எழுதிய நீளத்தைத் தமிழில் எழுதினால், இரண்டு மூன்று தகவல்களுக்குரிய காசு போகும்.

ஆகவே ஒரு தலைமுறை ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதப் பழகியது. ல, ள, ழ மூன்றும் ஒன்றாகின. நெடிலும் குறிலும் ஒன்றாகின. வெள்ளவத்தையில் ஒரு குடும்பத்தில் நடந்ததாகக் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன். 'பாலத்தடியில் நில்லுங்கோ' என்று மகன் எழுதியதை, 'பழத்தடியில்' என்று வாசித்துத் தகப்பனார் சந்தைப் பக்கம் பழக்கடை வாசலில் முக்கால் மணித்தியாலம் நின்றாராம். மகன் கால்வாய்ப் பாலத்தில் நின்றுகொண்டிருந்தான். இது சிரிப்புக்குரியது. சிரிக்க முடியாத இன்னொன்றும் உண்டு.

கொட்டாஞ்சேனையில், 1995 இடப்பெயர்வுக்குப் பின் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியிருந்த ஒரு தாயாரை எனக்குத் தெரியும். நல்ல கையெழுத்து. கல்கியும் செங்கை ஆழியானும் வாசித்தவர். ஒரே மகன் ரொறன்ரோவில். முன்னர் நீலநிற வான்கடிதத்தில் பக்கம் பக்கமாக அவனுக்கு எழுதியவர். அம்மாவுக்கென்று மகன் விசைப்பலகை போன் ஒன்றை ஆள்வசம் அனுப்பினான். கடிதம் நின்றுபோய்க் குறுந்தகவல் வரத் தொடங்கியது, ஆங்கில எழுத்தில். அந்தத் தாயாருக்கு ஆங்கில எழுத்துகளைத் தனித்தனியே கூட்டத் தெரியும். அவற்றால் எழுதிய தமிழ் விளங்காது. போனை எடுத்துக்கொண்டு மேல்மாடிப் பெண்பிள்ளையிடம் போவார். "பிள்ளை, தம்பி என்ன எழுதியிருக்கிறான்? ஒருக்கால் வாசிச்சுச் சொல்லு."

ஒருநாள் அந்தப் பிள்ளை வாசித்தாள். "அம்மா, எனக்கு வேலை நின்றுபோச்சு. இது உங்களுக்கு மட்டும். ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

'உங்களுக்கு மட்டும்' என்று எழுதிய தகவலை வாசிக்க மூன்றாம் ஆள் வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளை நல்ல பிள்ளை, வெளியே சொல்லவில்லை. என்றாலும் அந்தத் தாயார் பதில் எழுதுவிக்கவில்லை. மகனுடைய துன்பத்தைப் பற்றி இன்னொருவர் வாயால் கேட்பதும், இன்னொருவர் விரலால் ஆறுதல் சொல்வதும் அவருக்கு இயலவில்லை. தொலைபேசியிற் கதைத்தபோதும் அதை எடுக்கவில்லை. மகன் அருகில் யார் நிற்கிறார்களோ என்ற தயக்கம். எழுத்தறிந்த ஒரு பெண்ணை ஒரு கருவி எழுத்தறியாதவராக்கிவிட்டது. நம்மவர்கள் இதை ஒரு இழப்பாக எண்ணவேயில்லை. வயது போனவர்களுக்குப் புதுச் சாமான் விளங்காது என்று சொல்லிச் சமாதானம் அடைந்தோம். அவருக்கு விளங்காதது சாமான் அன்று. தம் தாய்மொழி அந்நிய எழுத்தில் வந்ததுதான்.

விசைக்குள் தமிழை அடக்குவது இயலாத காரியமா? இல்லை. இதை முதலிற் செய்தவர்களில் நம்மவர் ஒருவர் இருக்கிறார். யாழ்ப்பாணம் சுண்டிக்குளியிற் பிறந்து சிங்கப்பூர் சென்ற ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தமிழ்த் தட்டச்சுப் பொறியை உருவாக்கினார். 247 எழுத்தைச் சில பத்து விசைகளுக்குள் அடக்க அவர் கண்ட வழிகளுள் ஒன்று 'நகரா விசை'. அதை அழுத்தினால் குறி விழும், தாள் நகராது. அடுத்து அழுத்தும் எழுத்து அதே இடத்தில் அதனோடு சேரும். அதே வழியில், மலேசியத் தமிழரான முத்து நெடுமாறன் கைத்தொலைபேசியில் தமிழ் எழுதும் 'செல்லினம்' செயலியை ஆக்கினார். 2005ஆம் ஆண்டுத் தைப்பொங்கல் நாளில் அது சிங்கப்பூரில் வெளியிடப்பட்டது. அதை மக்களிடம் கொண்டுசேர்த்தது ஒரு வானொலி என்பதை இந்த ஒலிபரப்பில் நின்று சொல்வதில் எனக்கு மகிழ்ச்சி. ஒலி 96.8 என்ற சிங்கப்பூர்த் தமிழ் வானொலியே அது. ஆக, கருவி தமிழை மறுக்கவில்லை. தமிழுக்காக அந்தக் கருவியோடு மல்லுக்கட்டும் ஆட்கள்தான் தேவைப்பட்டார்கள்.

இனி, விசைகள் மறைந்த கதை. 2007 ஜனவரியில் ஐபோனை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜொப்ஸ், பிளாஸ்ரிக்கில் பதித்த விசைகளைப் பற்றி ஒரு குறை சொன்னார். தேவை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை அங்கேயே கிடக்கும், பின்னர் மாற்ற முடியாது என்பதே அதன் சாரம். அவர் தமிழை நினைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தக் குறையின் முழு எடையையும் சுமந்தவர்கள் நம்மைப் போன்ற மொழியினர். முதலில் ஜி-1இல் திரை விசைப்பலகையே இருக்கவில்லை; ஒரு சொல் எழுதவும் திரையைத் தள்ளித் திறக்க வேண்டும். 2009இல் வந்த 1.5 பதிப்போடு கண்ணாடியிலே எழுத்துகள் தோன்றின. நம் வெள்ளவத்தை இளைஞர் அதை விரும்பவில்லை. விரலுக்குப் பதில் சொல்லாத கண்ணாடி என்று குறைப்பட்டார். அவர் சொன்னதும் நியாயந்தான். கண்ணாடியில் ஒன்றும் அச்சிடப்பட்டிருக்கவில்லை. அதனாலேதான் சில ஆண்டுகளில் அங்கே 'அ' வந்து உட்கார முடிந்தது.

கொட்டாஞ்சேனைத் தாயாருக்கு நாலு வருடத்தின் பின் விசைகள் இல்லாத வேறொரு போன் வந்தது. மேல்மாடிப் பிள்ளையே அதிற் தமிழ் விசைப்பலகையைப் போட்டுக் கொடுத்தாள். ஒரு பின்னேரம் முழுதும் இருந்து, ஒரு விரலால், அவர் தாமே எழுதினார். முதலிற் சாப்பாட்டைப் பற்றி. பிறகு குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போகச் சொல்லி. மூன்றாவதாக எழுதியது இது: "அந்த வேலை போன நேரம் என்ன செய்தாய் ராசா?" நாலு வருடமாக நெஞ்சுக்குள் கிடந்த கேள்வி. மகன் அன்று நெடுநேரம் பதில் எழுதினான், ஆங்கில எழுத்தில். பிறகு அம்மாவை நினைத்து, அதை அழித்துத் தமிழில் எழுதினானாம்.

நேயர்களே, இப்போது எல்லாப் போனிலும் தமிழ் தெரிகிறது. எழுத்துக் கணக்குப் பார்த்துக் காசு கொடுக்கும் தேவையும் பெரும்பாலும் போய்விட்டது. திரையைத் தள்ளித் திறக்கும் அந்தப் போன்கள் மேசை லாச்சிக்குள் உறங்குகின்றன. ஆனால் அவை பழக்கிய பழக்கம் நம் விரல்களில் உறங்கவில்லை. நம் பிள்ளைகள் இன்றும் அப்பம்மாவுக்கு ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறார்கள். அப்பம்மா குரற் பதிவிலே பதில் அனுப்புகிறார். குரல் நல்லதுதான், வானொலிக்காரன் அதை மறுக்க மாட்டேன். ஆயினும் இரகசியமாக வாசிப்பதற்கும், தலையணைக்குக் கீழே வைத்திருந்து மறுபடி வாசிப்பதற்கும் உரியது எழுத்து. அந்த உரிமையை நம் வீட்டு முதியோரிடமிருந்து முன்னர் ஒரு கருவி பறித்தது. இன்று அவ்வாறு பறிக்கப்படுமானால் அதற்குக் கருவியைக் குற்றஞ்சொல்ல முடியாது.

இன்றிரவு உங்கள் வீட்டு மூத்தவர்களின் போனை வாங்கி, தமிழ் விசைப்பலகை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் போட்டுக் கொடுங்கள். பிறகு முதற் தகவலை நீங்களே தமிழில் அனுப்புங்கள்.